அடிமாட்டு விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஒரு பொருள் மிக மலிவாகக் கைமாறினால் ‘அடிமாட்டு விலைக்குப் போனது’ என்கிறோம். அடிமாட்டின் விலை ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்பவர்கள் குறைவு.

சினை பிடிக்காத, மடிநோய் கண்ட, வயது முதிர்ந்த பசுவை விற்க வரும் விவசாயியால் காத்திருக்க முடியாது. பால் வற்றிய மாடும் தீவனம் தின்னும். நாளொன்றுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நல்ல விலைக்காக இரண்டு மாதம் பொறுப்பதற்குள் 9,000 ரூபாய் கரைந்துவிடும். வாங்கும் வியாபாரிக்கு அந்த நெருக்கடி இல்லை. இந்தச் சந்தை படியாவிட்டால் அடுத்த சந்தை.

அவருடைய இலாபத்தில் ஒரு பகுதி அவரது கண்ணுக்குக் கிடைக்கும் கூலி. கழிக்கப்பட்ட மாடுகளிடையே, உடையவரே அறியாமல் சினையாக இருப்பவையும் உண்டு. சில வாரம் தேற்றினால் எடை கூடுபவையும் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்து மறுவிற்பனை செய்பவர் சம்பாதிக்கிறார். எஞ்சியவை லாரியில் ஏறுகின்றன. செவ்வாய், வியாழக்கிழமைகளில் கூடும் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து அவை கேரளத்துக்குச் செல்கின்றன. தமிழகத்தில் 1976ஆம் ஆண்டு அரசாணை பசுவதையைத் தடை செய்தது. கேரளத்தில் அத்தகைய முழுத் தடை இல்லை. ஆகவே, நம் ஊர்க் கிழப்பசுவின் விலை அங்குள்ள இறைச்சி விலையிலிருந்து தொடங்குகிறது. வண்டி வாடகை, தரகு, வழியில் மாடு மடியும் அபாயம், வியாபாரியின் இலாபம் ஆகியவை கழிந்து மிஞ்சுவதே விவசாயிக்கு. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசும் வழக்கத்தைச் சிலர் அழகாக வருணிப்பார்கள். அருகில் நிற்கும் விவசாயிக்கு விலை தெரியாமற்போவதே அதன் பலன்.

23 மே 2017 அன்று மத்திய அரசு, சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதற்குத் தடை விதித்தது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை பிறப்பித்தது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. அன்றைய விவாதம் உண்பவர்களைப் பற்றியும் வழிபடுபவர்களைப் பற்றியுமே நடந்தது. விற்பவர் பேச்சில் இல்லை. வரியை யார் மீது விதித்தாலும், விலகிச்செல்ல வழியற்றவரே அதைச் சுமப்பார் என்று வகுப்பில் சொல்லிவந்தேன். இங்கும் அதே கணக்குதான்: அபாயம் கூடினால் வியாபாரி அதை வாங்கும் விலையில் கழித்துக்கொள்வார்.

60,000 ரூபாய்க்கு வாங்கிய பசுவை ஐந்தாண்டு கறந்து 20,000 ரூபாய்க்கு விற்றால், ஆண்டுத் தேய்மானம் 8,000 ரூபாய். 5,000 ரூபாய்க்கே போனால் அது 11,000 ஆகிறது. அந்த வேறுபாடு முழுவதும் பாலின் உற்பத்திச் செலவில் ஏறும். ஆனால், பால் கொள்முதல் விலைக்கு நடக்கும் வாதத்தில் சிறு பங்குகூட இந்த எஞ்சிய மதிப்புக்கு நடப்பதில்லை. சந்தையில் எடைமேடையும், அன்றைய விலையைக் காட்டும் பலகையும் வைப்பது பெருஞ்செலவன்று. விவசாயியும், மாட்டை ஓட்டிச்செல்லுமுன் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொண்டால், வியாபாரியின் கண்ணுக்குப் போகும் கூலியில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கும்.