உறையிலே ஆங்கிலம், உள்ளே தமிழ்!



பார்வை இழந்த பெரியவர் ஒருவருக்குக் கடிதம் வருகிறது. படித்துச் சொல்ல வீட்டிலே இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும், இளையவனுக்குத் தமிழ். உறையின் மேலே "ஆங்கிலக் கடிதம்" என்று எழுதியிருக்கிறது. பெரியவர் மூத்தவனை அழைக்கிறார். பிரித்தால், உள்ளே முழுக்க முழுக்கத் தமிழ்! மூத்தவன் விழிக்கிறான், இளையவனோ திண்ணையிலே சும்மா உட்கார்ந்திருக்கிறான். கடிதம் எழுதியவன் மீது குற்றமில்லை. படிக்க ஆளில்லை என்றும் சொல்வதற்கில்லை. எல்லாம் உறையிலே எழுதியவன் செய்த வேலை!

வெறுங்கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். ஆலை ஒன்றின் தொலைபேசிப் பிரிவிலே பணிபுரியும் தோழர் ஒருவர், பார்வையற்றவர், சில காலத்துக்கு முன் என்னிடம் வந்தார். "சங்கத்தின் இணையப் பக்கத்திலே கூலி ஒப்பந்தம் வந்திருக்கிறதாமே அண்ணே, என் கணினி மட்டும் படிக்க மாட்டேன் என்கிறதே" என்றார். திரையிலே உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவரிடம் உண்டு. தமிழ்க் குரலும் உண்டு. நாளேடுகளை அதிலேதான் கேட்கிறார். பின், சங்கத்துப் பக்கம் மட்டும் ஏன் ஊமையாயிற்று?

உறையைப் பார்த்தோம். ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டால், சர்வர் அதை மட்டும் அனுப்புவதில்லை. முன்னாலே சில வரிகளையும் அனுப்புகிறது. ஹெட்டர் என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, பிரவுசர் படித்துக்கொள்ளும். அதிலே கன்டென்ட்-லாங்குவேஜ் என்றொரு வரி: இந்தப் பக்கம் எந்த மொழியாருக்கு என்று சொல்வது. தமிழுக்கு 'டிஏ' என்ற ஈரெழுத்துக் குறி, ஆங்கிலத்துக்கு 'இஎன்'. கணினியிலே எஃப்-12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி அழைத்து, பட்டியலின் முதல் வரியைத் தட்டினால் இவை வந்து நிற்கும். காசு செலவில்லை, கல்லூரிப் பட்டமும் வேண்டாம்.

பார்த்தோம். 'இஎன்'! பக்கத்தின் உள்ளேயும், தொடக்கத்திலே 'லாங்' என்றொரு குறி உண்டு. முதல் மதிப்பு அதற்குத்தான். அது இல்லாதபோது உறையைப் பார் என்பது விதி. அங்கேயும் 'இஎன்'! யார் செய்த சதி? எவருமில்லை. ஆயத்தமாகக் கிடைத்த மாதிரிப் படிவத்திலே ஆங்கிலம் என்றிருந்தது. மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. சதியென்றால் எதிர்த்துப் போராடலாம் தோழர்களே, மறதியை எதிர்த்து எந்தத் தெருவிலே ஊர்வலம் போவது? தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் வந்துவிட்டது. உறைகள் பலவற்றுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை!

விதி வகுத்தவர்கள் தூங்கியவர்கள் அல்லர். 2022-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்ற ஆவணம் காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? நியூசிலாந்திலே 1840-இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் முடியரசும் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கை! இரு மொழியிலும் சேர்த்து வெளியிட்டால் உறையிலே 'எம்ஐ, இஎன்' என்று போடலாமாம். மாவோரி முன்னே, ஆங்கிலம் பின்னே. ஆங்கிலம் அறிந்தவருக்கான இலத்தீன் முதற்பாடத்துக்கோ ஆங்கிலம் என்று மட்டுமே போடு என்கிறது. யாருக்காக எழுதப்பட்டது என்பதே அங்கே கேள்வி.

நாம் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. பிரவுசரின் மொழிப் பட்டியலிலே தமிழை முதலிலே வைத்தால், பக்கம் கேட்கும்போதெல்லாம் ஆக்செப்ட்-லாங்குவேஜ் என்ற வரி "தமிழ் கொடு, இல்லையேல் அடுத்த மொழி" என்று போய்ச் சேரும். அது வேண்டுகோள்தான், கட்டளையல்ல. புறக்கணிக்கும் சர்வர்கள் ஏராளம். செவிசாய்க்கும் சர்வரும், 'மொழிக்கேற்ப மாறும்' என்பதை வேரி என்ற வரியிலே அறிவிக்க வேண்டும். இல்லையேல் இடையிலே நகல் வைத்திருக்கும் கணினி, முன்னே வந்தவனுக்குக் கொடுத்த ஆங்கிலப் பக்கத்தையே நமக்கும் நீட்டிவிடும்.

சங்கத் தோழர்கள் இரண்டு இடத்திலும் 'டிஏ' என்று திருத்தினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே தொலைபேசித் தோழர் அழைத்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். இல்லை! "நான்காம் பிரிவிலே இரவு ஷிப்ட் படியைக் குறைத்திருக்கிறார்களே, அதற்கு எப்படி அண்ணே கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்டார்.