மாரிக்கு முன் அறையைக் கவனிப்போம்

2009இல் போர் முடிந்தபின் வன்னியில் மீள்குடியேறிய வீடுகள் பலவற்றுக்குச் சென்று வருகிறேன். அவற்றுள் அநேகமானவற்றில் பூட்டி வைக்கக்கூடியது ஓர் அறை மட்டுமே. சென்ற மாரியில் ஒரு அக்கா றங்குப்பெட்டியைத் திறந்தபோது, காணாமற்போன கணவரின் பெயரிலிருந்த காணிப்பத்திரத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. “தங்கச்சி, இந்தக் கடதாசிதானே அவர் விட்டுட்டுப் போனது” என்று அழுதார்.

சகோதரிகளே, ஐப்பசி மழைக்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

சுவரில் பென்சில் தடிப்பில் மண்கோடு தெரிந்தால் அதுவே கறையான் வரும் வழி. அதைச் சுரண்டி அகற்றி, தினமும் பாருங்கள். வெளிச்சுவரோரம் விறகு அடுக்காதீர்கள்.

பெட்டியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கிடை தள்ளிக் கல்லின் மேல் வையுங்கள்.

நிலம் வெடித்திருந்தால் 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு மணல் கலந்து பூசி, 7 நாட்கள் ஈரச்சாக்கால் மூடுங்கள். விரைவில் காய்ந்தால் மீண்டும் வெடிக்கும்.

மழை விட்டதும் எதிரெதிரான யன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றோடினால் சுவரில் பூஞ்சணம் குறையும்.

பத்திரங்களைப் பொலித்தீன் உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள். நிழற்பிரதியொன்றை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

அந்த அக்காவின் பெட்டி இப்போது கல்லின் மேல் இருக்கிறது. உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது? இன்றே பாருங்கள்.