பழைய டயரும் கழற்றி விற்கும் உறுப்புகளும்

மோட்டார் காரின் எடை முழுவதையும் நான்கு சிறிய ரப்பர்ப் பரப்புகளே தாங்குகின்றன. தரையைத் தொடும் பகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். வண்டி ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அப்பகுதிகளின் பிடிப்பைப் பொறுத்தவை. எனினும் புது டயரின் விலையைத் தாங்க இயலாத வாடகைக் கார்க்காரரும் சிறு வியாபாரியும் பழைய டயரை நாடுவது நம் நாட்டில் வழக்கமாக உள்ளது. டில்லியின் மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை பழைய மோட்டார்ப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். பழைய பொருளை வாங்குவது தவறன்று. கண்ணுக்குத் தெரியும் தேய்வை மட்டும் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மூப்பை மறந்துவிடுவதே ஆபத்தானது.

ரப்பரின் மூப்பு

இயற்கை ரப்பர் வெப்பத்தில் இளகிக் குளிரில் விறைக்கும் இயல்புடையது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே பிணைத்து விடுகிறது. அதனாலேயே ரப்பர் நெளிந்தாலும் பழைய வடிவுக்கு மீள்கிறது. ஆனால் காற்றிலுள்ள பிராணவாயுவும் வெப்பமும் நாளடைவில் இவ்வமைப்பைக் கெடுத்து ரப்பரை விறைக்கச் செய்கின்றன. ஓஸோன் வாயுவோ, இழுபட்டு நிற்கும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது.

இவற்றைத் தடுக்க ரப்பரில் மெழுகும் சில இரசாயனப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காக்கின்றன. ஆதலால் அதிகம் ஓடாமல் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த டயர், பார்வைக்குப் புதிதுபோல் இருப்பினும் உள்ளுக்குள் முதிர்ந்திருக்கக்கூடும்.

டயரின் வயதை அறிய எளிய வழி உண்டு. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் உற்பத்தியான டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். '2319' என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். இவ்வெண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாமாதலின் இரு பக்கங்களையும் பார்த்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்குமாறும், பத்து ஆண்டு கடந்ததை நீக்கிவிடுமாறும் உற்பத்தியாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். எண் சுரண்டப்பட்ட டயரை வாங்கலாகாது.

பள்ளத்தின் கணக்கு

பேச்சு வழக்கில் 'பட்டன்' எனப்படும் மேற்பகுதியிலுள்ள பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுகின்றன. பள்ளம் குறைந்தால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் நின்று பிடிப்பு அற்றுவிடும். நம் நாட்டு விதிப்படி கார், லாரி டயர்களின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையலாகாது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு இவ்வரம்பு 0.8 மி.மீ. ஆகும்.

புதிய கார் டயரின் பள்ளம் 8 மி.மீ. எனக் கொள்வோம். வரம்பு போக, பயன்படத்தக்கது 6.4 மி.மீ. தான். பழைய டயரில் 4 மி.மீ. பள்ளம் இருந்தால், 'பாதி உயிர் இருக்கிறது' என்று விற்பவர் கூறலாம். உண்மையில் எஞ்சியிருப்பது 2.4 மி.மீ.; அதாவது எட்டில் மூன்று பங்கு. வயதைக் கணக்கிடாமலே, புது விலையில் எட்டில் மூன்று பங்குக்கு மேல் கொடுப்பவர் நஷ்டமடைகிறார்.

மறைந்திருக்கும் குறைகள்

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பள்ளத்தின் அடியில் இருக்கவேண்டிய தேய்வு காட்டும் மேடுகள் அறுபட்டிருந்தால் இந்த ஏமாற்று வெளிப்படும். அத்தகைய டயரில் உருக்குக் கம்பிகளின் மேல் மெல்லிய ரப்பர்ப் படலமே மிஞ்சும். தக்க பட்டறையில் புதிய மேற்பகுதி ஒட்டிய ரீட்ரெட் லாரி டயர் வேறு. அதனை இதனோடு குழப்பலாகாது.

கறுப்புப் பூச்சு வெடிப்புகளை மறைக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, பக்கச்சுவரை வளைத்துப் பார்த்தல் நலம். உட்புறத்தில் ரப்பர்த் தூளும் சுருக்கங்களும் காணப்பட்டால், அந்த டயர் காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறியது என அறியலாம். பக்கச்சுவரில் புடைப்போ பஞ்சர் ஒட்டோ இருப்பின் விலை எதுவாயினும் விலக்கவேண்டும்.

உருக்கின் களைப்பு

உலோகமும் களைப்படையும். திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால், ஒரே தடவையில் முறிக்கப் போதாத பாரமே உருக்கை நாளடைவில் முறித்துவிடும். ஜெர்மானியப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர், 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளைச் சோதித்து இதனை நிறுவினார்.

வெடிப்பைக் காண ரயில்வே பட்டறைகளில் பழங்காலத்தில் கையாண்ட முறை இன்றும் ஓரளவு பயன்படும். உறுப்பைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து உலர்த்திச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசவேண்டும். வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து தூளின்மேல் கோடாகத் தெரியும். ஆனால் மிக நுண்ணிய வெடிப்பும் உள்ளே புதைந்த வெடிப்பும் இதற்குத் தப்பிவிடும்.

ஆகவே கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். பிரேக் கட்டைகள், பிரேக் ரப்பர்க் குழாய், ஸ்டீயரிங் மூட்டுகள், இருக்கைப் பட்டை ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குதல் வேண்டும். நீலம் பாரித்த பேரிங், மிகுந்த சூட்டில் தன் கடினத்தை இழந்தது எனக் கொள்ளலாம்.

எப்பொருளாயினும் ரசீது கேட்டுப் பெறுதல் அவசியம். எண் அழிக்கப்பட்ட எஞ்சின் திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும். ரசீது தர மறுப்பவரிடம் மலிவாகக் கிடைப்பதும் விலக்கத்தக்கதே. மிச்சமாகும் சில நூறு ரூபாய், பிரேக் பிடிக்கவேண்டிய ஒரு கணத்தில் உதவாது.