கலகலப்பாக இருந்த நாட்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

(நமது பெங்களூர் நிருபர்)

பெங்களூர் ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி வாசலில் காலை வேளையில் நின்றால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இராது. அல்சூர், ஸ்ரீராமபுரம் வாசிகள் மட்டுமின்றி, கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள்.

அங்கே மகனோடு காத்திருந்த அல்சூர் அம்மாள் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மூணு வருஷமா சோர்ந்து கிடக்கிறான்னு மட்டும்தான் சார் ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் சொன்னோம். அதுக்கு முந்தின தீபாவளிக்குப் பத்து நாள் சரியாத் தூங்காம, ஓயாமப் பேசி, வட்டிக்கு வாங்கி மூணு தையல் மிஷின் வாங்கிப் போட்டான். வீட்டிலே தைக்கத் தெரிஞ்சவங்க யாருமில்லே! பையன் தேறிட்டான்னு சந்தோஷப்பட்டோம். அதுவும் வியாதின்னு யார் கண்டா?"

வியாதியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. முன்னாளில் 'மேனிக் டிப்ரஷன்' என்றும், இப்போது 'பைபோலார்', அதாவது இருதுருவ மனநோய் என்றும் சொல்லப்படும் இதில், மனம் ஒரு சமயம் எல்லை மீறிப் பொங்குகிறது. வேறொரு சமயம் அடியோடு சோர்ந்துவிடுகிறது. தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியாமை, மடமடவென்ற பேச்சு, பெரிய திட்டங்கள், கண்மூடித்தனமான செலவு அல்லது எரிச்சல் ஆகியவை ஒரு வாரம் நீடித்தால் டாக்டர்கள் அதை 'மேனியா' என்கிறார்கள். வேகம் குறைந்த வகைக்கு நான்கு நாட்களே போதும். சோர்வுக்கு இரண்டு வாரம் கணக்கு. காலையில் சிரித்து மாலையில் அழுவதெல்லாம் இந்த நோயாகிவிடாது.

ரத்தத்தைச் சோதித்தோ ஸ்கேன் எடுத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு போன்ற வேறு கோளாறு உண்டா என்று பார்க்கத்தான் அவை உதவும். மற்றதெல்லாம் நோயாளியும் வீட்டாரும் சொல்லும் விவரத்தைப் பொறுத்தது. சோர்வை மட்டும் சொன்னால், சோர்வுக்கான மாத்திரை மட்டுமே கிடைக்கும்; சிலருக்கு அது பழைய பொங்குதலைக் கிளப்பிவிடுவதும் உண்டு. இந்தப் பையனுக்கும் அப்படித்தான் ஆயிற்றாம். அண்ணனோடு கைகலப்பு வரை போன பிறகே இங்கு அழைத்து வந்திருக்கிறார்கள்.

2015-16ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் மூன்று பேருக்கு இந்நோய் உள்ளது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியமே பெறவில்லை. "பேய் பிடித்திருக்கிறது", "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும்" என்பவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லையே!

ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949ல் பயன் கண்ட லித்தியம் இன்றும் முக்கிய மருந்து. அளவு மிஞ்சினால் விஷம் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். தேறிவிட்டதாக எண்ணித் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. நேரில் வர முடியாதோர் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

அந்த அம்மாள் இப்போது தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள்களை எறிவதில்லை. மகன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான் என்று பின்புறம் குறித்து, ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிக் கொண்டு வருகிறார். டாக்டர் முதலில் கேட்பது அந்தக் கட்டைத்தானாம்.