அரைச் சாண் உயரம்

முதன்முதலாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய வாரம், கான்சாபுரம் வீட்டில் அம்மா என்னைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, என் முகத்துக்குப் பக்கத்தில் பாயில் ஊன்றி, கன்னம் தலகாணியில் அமுங்கியிருந்த இடம் வரை அளந்து, அந்த இடத்தில் ஒடித்தாள். அரைச் சாணுக்கு மயிரிழை கூட இருக்கும். "இதப் பைக்குள்ள வச்சுக்கோப்பா. அங்க என்ன தலகாணி குடுத்தாலும் படுத்துப் பாத்து, இந்த உசரம் இருக்கான்னு பாரு. இல்லேன்னா கழுத்து புடிச்சுக்கிடும்" என்றாள்.

அதன் பிறகு தோஹாவில் அடுக்குக் கட்டில், ஸ்டுட்கார்ட்டில் மரச் சட்டக் கட்டில், இடையில் எத்தனையோ விடுதி அறைகள். அந்நியப் படுக்கையில் உடம்பை எப்படிப் பழக்குவது என்று யாராவது கேட்டால், அந்த ஈர்க்கிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே அளவை எடுத்துவிட வேண்டும். நன்றாகத் தூங்கும் படுக்கையில், நன்றாகத் தூங்கும் பக்கமாகப் படுத்து, தலை அமுங்கிய பின் இருக்கும் உயரத்தை எடுக்க வேண்டும். சும்மா கிடக்கும் தலகாணியின் உயரம் எதற்கும் உதவாது. மல்லாந்து படுக்கிறவர்களுக்கு இந்த உயரம் குறையும். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தலகாணி நிரப்ப வேண்டும் என்பதால் கூடும்.

அடுத்தது கூடக் கொண்டுபோகும் தலகாணி. எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் என்று வயலும் தென்னையுமாகக் கிடக்கும் ஊர்கள். ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் மலையோரத் தோப்புகளில் இலவ மரங்கள் நிற்கும். பங்குனி சித்திரையில் காய் முற்றி வெடிக்கும். பழுக்கும் என்று கிளி காத்திருந்து ஏமாந்த கதை இந்த மரத்தைப் பற்றியதுதான். கிளிக்கு ஆகாத அந்தப் பஞ்சு நம் கழுத்துக்கு ஆகும். காயை வெயிலில் காயவைத்து உடைத்து, உள்ளே இருப்பதைக் குச்சியால் அடித்தால் மிளகு போன்ற கறுப்புக் கொட்டைகள் அடியில் தங்கும், பஞ்சு மேலே எழும்பும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. ஒரு கொட்டைகூடத் தங்கக் கூடாது. இரவில் காதடியில் உறுத்தும் என்பது ஒன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் விதையும் தாவரப் பொருளும் கொண்டுவருவதில் கெடுபிடி அதிகம் என்பது இன்னொன்று. அங்கே போகிறவர்கள் தலகாணிக்குள் இலவம்பஞ்சு இருக்கிறது என்று விமான நிலையப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

உறைத் துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும். கோடு போட்ட மெத்தைத் துணி என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் போனது, ஆனால் அந்தக் கண்ணறைத் துணி இதற்கு ஆகாது. இலவம்பஞ்சு வழுவழுப்பான குட்டை இழை, நூலாகக்கூட எளிதில் திரியாது. கொஞ்சம் இடைவெளி கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். முதலில் நான்கு மூலைகளிலும் கைவிரலால் இறுக்கித் திணித்து, பிறகு நடுவை நிரப்ப வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் மூலைகள் நாய்க்காது போலத் தொங்கும். எனக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடப் பிடித்தது. ஒரு பக்கத்தை மட்டும் இயந்திரத் தையல் போடாமல், கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டு விடுங்கள். இதுதான் முக்கியம். அந்த வாயைப் பிரித்துப் பஞ்சை எடுக்கவும் திணிக்கவும் முடிய வேண்டும். ஒரு சிறு பையில் இரண்டு பிடி பஞ்சும், ஊசி நூலும் பெட்டிக்குள் தனியாகப் போகட்டும்.

அதோடு ஒரு பழைய தலையணை உறை. துவைக்காமல், நான்கு நாள் படுத்ததாகவே எடுத்துப் போங்கள். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் முதல் இரவில் இதைப்போல உதவுவது வேறொன்றும் இல்லை. புது அறையில் பெயின்ட் வாசனை, புது மெத்தையின் ரப்பர் வாசனை, யாரோ போட்ட சோப்பு வாசனை எல்லாம் சேர்ந்து உடம்பை விழிப்பாகவே வைத்திருக்கும். நம் உறையில் முகம் புதைந்ததும் மூச்சு நிதானப்படும்.

முதல் இரவு தூக்கம் சரியில்லை என்றால் படுக்கையைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பழகாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி, அவர்கள் பார்த்தவரை இடது பாதி, ஆழ்ந்த தூக்கத்திலும் முழுதாக அயராமல் இருக்கிறது. விசித்திரமான சத்தம் கேட்டால் சட்டென்று எழுப்புகிறது. அதே ஆட்கள் பிறகு அதே இடத்தில் தூங்கியபோது அந்த வேறுபாடு காணவில்லை. ஊர்க்காவல் போல ஒரு பாதி விழித்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் முதல் இரவு எதையும் மாற்றாமல் படுங்கள். மறுநாள் காலை உடம்பு எங்கே வலிக்கிறது என்று மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மெத்தையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கழுத்து வலித்தால் தலகாணியைக் குறை சொல்கிறோம். தலகாணியும் மெத்தையும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. பாயில் படுக்கும்போது தோள் இறங்குவதே இல்லை, அதனால் தலைக்கு அரைச் சாண் தேவைப்படுகிறது. நல்ல மெதுவான மெத்தையில் தோள் இரண்டு விரற்கடை உள்ளே போய்விடும். தலை லேசானது, அந்த அளவுக்கு இறங்காது. அப்போது அதே அரைச் சாண் தலகாணி கழுத்தை மேல்நோக்கி ஒடித்து வைக்கும். ஊரில் சுகமாக இருந்த தலகாணி வெளிநாட்டில் வலி தருவது பெரும்பாலும் இதனால்தான்.

தோஹாவில் எனக்குக் கிடைத்தது அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் மெல்லிய ஸ்பாஞ்சு. கீழே பலகை. கிட்டத்தட்டப் பாயேதான். ஆனால் கொடுத்த தலகாணி பாலியெஸ்டர் அடைத்தது, தலையை வைத்தால் பந்து போலத் துள்ளும், அரை மணியில் ஒரு விரற்கடைக்கு அமுங்கிப்போகும். அங்கே என் இலவம்பஞ்சுத் தலகாணி எதையும் குறைக்காமல் அப்படியே பொருந்தியது. வியர்வைக்கும் அது தாங்கும். இலவ இழை உள்ளே கூடு, பெரும்பகுதி காற்று, வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீரை உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காப்புச் சட்டைக்குள் அடைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட்டில் கதை தலைகீழ், மெத்தை மெதுவானது. ஜெர்மனியில் வழக்கமான தலகாணி எண்பதுக்கு எண்பது சென்டிமீட்டர் சதுரம், பெரும்பாலும் இறகு அடைத்தது. தலையை வைத்தால் நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு காதையும் தலகாணி மூடிக்கொள்ளும். முதல் வாரம் அதில் தோளையும் சேர்த்து ஏற்றிப் படுத்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். அந்தப் பெரிய சதுரத்தில் தலையும் கழுத்தும் மட்டும் இருக்க வேண்டும், தோள் மெத்தையில் இருக்க வேண்டும். அப்புறம் ஊர்த் தலகாணியை எடுத்து, வாயைப் பிரித்து, ஒவ்வொரு பிடியாகப் பஞ்சை வெளியே எடுத்தேன். ஒரு பிடி எடுப்பது, மூன்று இரவு படுப்பது, பிறகு அடுத்த பிடி. ஒரே நாளில் மூன்று பிடி எடுத்தால் எந்த அளவு சரியாக இருந்தது என்றே தெரியாமல் போகும்.

சரிபார்க்க ஒரு வழி: பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, கூட இருக்கிறவரை முதுகுப் பக்கமிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியும் முதுகுத் தண்டும் படுக்கைக்கு இணையாக ஒரே கோட்டில் ஓட வேண்டும். தலை மேலே தூக்கியிருந்தால் பஞ்சு எடுக்க வேண்டும், தொங்கினால் ஒரு துண்டை மடித்துத் தலகாணிக்கு அடியில் வைக்க வேண்டும். உறைக்குள் வைத்தால் நழுவும். பஞ்சுத் தலகாணி கொண்டுபோக முடியாதவர்களுக்கும் இந்த மடித்த துண்டு வைத்தியம் போதும்.

மெத்தையே ஆகவில்லை என்றால் வாங்குவதற்கு முன் அடியைப் பாருங்கள். ஜெர்மன் கட்டில்களில் மெத்தைக்குக் கீழே வளைந்த மரச் சட்டங்கள் வரிசையாக இருக்கும். பலவற்றில் இடுப்புப் பகுதியில் நகர்த்தக்கூடிய சிறு பிடிகள் உண்டு, ஓரத்துக்கு நகர்த்தினால் அந்த இடம் இறுகும். எத்தனையோ பேர் அது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் படுத்திருக்கிறார்கள். மெமரி ஃபோம் என்றால் அறைச் சூட்டையும் பார்க்க வேண்டும். 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவான நுரையின் வழிவந்தது அது. உடம்புச் சூட்டில் இளகும், குளிரில் பலகையாக இறுகும். பனிக்காலத்தில் படுத்த உடனே முடிவு செய்யாமல் கால் மணி நேரம் பொறுங்கள்.

எதுவும் சரிவராமல் தரையில் படுக்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பத்தமடைப் பாயை விரித்தும் பார்த்தேன். அது நம் சிமென்ட் தரைக்கும் வேனலுக்கும் உரியது. குளிர் நாட்டில் மெத்தையைத் தரையோடு போட்டால் உடம்பின் ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஜப்பானியர்கள் பலர் தரையில்தான் படுக்கிறார்கள், ஆனால் காலையில் விரிப்பை மடித்து வைக்கிறார்கள், வெயில் கண்டால் மாடத்தில் தொங்கவிடுகிறார்கள். நாம் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவது போலத்தான்.

இலவம்பஞ்சைத் துவைக்கக் கூடாது, கட்டி தட்டிவிடும். வெயில்தான் அதற்கு மருந்து, ஒரு மணி நேரத்தில் உப்பி வரும். வெயில் இல்லாத ஊரில் காற்று வரும் ஜன்னலோரம் வைத்துத் தட்டுங்கள். ஹீட்டர் மேல் மட்டும் போடாதீர்கள், சட்டென்று தீப்பற்றும் பொருள். இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரமாகியும் கை மரத்துப்போனாலோ, விரல் வரை சுருக்கென்று இழுத்தாலோ, மருத்துவரிடம் போக வேண்டும்.

சென்ற விடுமுறையில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த மகளைக் கான்சாபுரம் கூட்டி வந்தோம். நுரை மெத்தையிலும் மெல்லிய தலகாணியிலும் வளர்ந்த பிள்ளை. பாயில் போட்ட இலவம்பஞ்சுத் தலகாணி ஆகாமல் நடுச்சாமம் வரை புரண்டாள், கழுத்து வலிக்கிறது என்று விசும்பினாள். அம்மா எழுந்து விளக்கைப் போட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து விளக்குமாற்றை எடுத்து ஈர்க்கு ஒன்றை உருவினாள். "இங்க வா தாயி, அப்பத்தா பக்கமா ஒருக்களிச்சுப் படு" என்றாள்.