நுரையீரல் புற்றுநோயும் மைக்ரோ ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்தும்

“மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தடுத்து நுரையீரல் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து வந்துவிட்டதாமே, எங்கள் தந்தைக்குக் கிடைக்குமா?” என்று நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அம்மருந்துக்காகக் கீமோதெரபியைத் தள்ளிப்போடலாமா என எண்ணுவோரும் உளர். ஆதலால் உண்மை நிலையை இங்கு விளக்குகிறோம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது யாது?

மரபணுவில் உள்ள செய்தி முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அப்படியைக் கொண்டே உயிரணு புரதத்தை உருவாக்குகிறது. ஏறத்தாழ 22 அலகுகளே கொண்ட சிற்றிழையான மைக்ரோ ஆர்.என்.ஏ., தூது ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கிறது. இதனை ஒரு சிறு புழுவில் கண்டறிந்து 1993இல் வெளியிட்ட விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

தடுப்பதால் என்ன பயன்?

நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 மிகுதியாகக் காணப்படுகிறது. உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் சில புரதங்களை அது குறைத்துவிடுகிறது. அதனுடன் பிணைந்து செயலிழக்கச் செய்யும் எதிரிழையை ஆய்வகத்தில் உருவாக்கலாம். தடுப்பு மருந்தின் அடிப்படை இதுவே. மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 நீக்கப்பட்ட எலிகளில் நுரையீரல் கட்டிகள் குறைவாகவே தோன்றியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடை எங்கே உள்ளது?

மனிதரிடம் இம்முறை இயலாததன்று. ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் 36 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மைக்ரோ ஆர்.என்.ஏ.-122ஐத் தடுக்கும் ஊசிமருந்து பெற்றவர்களுக்கு வைரஸின் அளவு குறைந்தது. ஆனால் கல்லீரல் இத்தகைய மருந்தை இரத்தத்திலிருந்து எளிதில் ஈர்த்துக்கொள்ளும். நுரையீரல் கட்டிக்குள் போதிய அளவு மருந்தைச் சேர்ப்பது கடினம். மேலும், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல புரதங்களைக் கட்டுப்படுத்துவதால், ஒன்றைத் தடுக்கும்போது நலமான உறுப்புகளும் பாதிக்கப்படக்கூடும். குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஐ ஈடுசெய்ய முயன்ற மற்றொரு வகைப் புற்றுநோய் மருந்தின் ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

இன்று செய்ய வேண்டியவை

மைக்ரோ ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்து நுரையீரல் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அதற்காக அறுவை, கதிரியக்கம், கீமோதெரபி எதனையும் தள்ளிப்போடாதீர்கள். அதனைத் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களுக்குரிய மாத்திரைகள் இன்றே பயன்பாட்டில் உள்ளன. அப்பரிசோதனை உங்கள் கட்டித்திசுவில் செய்யப்பட்டுள்ளதா என்பதை அடுத்த வருகையில் கேட்டறியுங்கள். திசு ஆய்வு அறிக்கையையும் தவறாது உடன் கொண்டு வாருங்கள்.