நோட்டைத் திறக்கத் தயங்கும் பிள்ளை

வீட்டுப்பாடத்தை இரவு பத்து மணி வரை தள்ளிப்போடும் எட்டாம் வகுப்புப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். அதே பிள்ளை மாலையெல்லாம் கிரிக்கெட் ஆடிக் களைத்து வருவது நம் கணக்கில் வருவதில்லை. உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயிஸும் டிமதி பிச்சிலும் 2013இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காரணத்தை வேறிடத்தில் காட்டுகிறது: ஒரு வேலையை நினைத்ததும் எழும் பயம், சலிப்பு, ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் இவற்றிலிருந்து தற்காலிகமாகத் தப்பிக்கவே மனம் அதைத் தள்ளிப்போடுகிறது. கைப்பேசி அப்படித் தப்பிக்கச் சுலபமான வழி. அதைப் பிடுங்கி வைத்தாலும் பயம் அப்படியேதான் இருக்கும்.

புதுச்சேரியில் இந்தப் பயத்துக்குக் கண்கூடான காரணம் உண்டு. தனக்கென்று கல்வி வாரியம் இல்லாததால் இங்குள்ள அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. 2023-24இல் நடுநிலை, உயர்நிலை வகுப்புகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2025இல் அரசுப் பள்ளிப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வளரிளம் பருவத்தின் நடுவில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. கேள்வியே புரியாதபோது பதிலைத் தள்ளிப்போடுவது இயல்பு. அதைச் சோம்பல் என்பது அநியாயம்.

இதே ஊரில் 1943இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி பட்டமோ சான்றிதழோ தருவதில்லை. என்ன படிப்பது, எந்த வேகத்தில் படிப்பது என்பதில் மாணவருக்கும் பங்கு தரும் முறை அங்கே வளர்ந்தது. பொதுத்தேர்வை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அது எட்டாத சலுகை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஐந்து கணக்கில் எதை முதலில் போடுவது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுவதற்குப் பணமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். கண்டிக்காமல் விட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்பது இன்னொரு வாதம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அவர்கள் கல்லூரி வயதினர்தான். ஆனாலும் குற்றவுணர்ச்சி புத்தகத்திலிருந்து மேலும் விலக்குகிறது என்பது பதின்மூன்று வயதுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல. புரியாததைச் சொல்லித் தந்த பிறகு வரும் கண்டிப்புக்கே பலன் உண்டு.

ஆகவே பெற்றோரே, இன்று மாலை ‘ஏன் இன்னும் எழுதவில்லை?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த இடம் புரியவில்லை?’ என்று கேளுங்கள். உங்களுக்கும் அது புரியாவிட்டால், மறுநாள் அந்தப் பக்கத்தோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.